தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?

கேள்வி: முனைவர் பட்டப் பதிவுக்காக 14 பக்கத்தில் ஆய்வு முன்மொழிவு எழுதிக் கொடுத்தேன். தலைப்பு: 'டிஜிட்டல் யுகத்தில் மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தில் மின்னணுச் சாதனங்களின் தாக்கம் – ஓர் ஆய்வு'. இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை 'பரப்பு மிக அதிகம்' என்றார்கள். அடுத்த முறை 'ஆய்வு இடைவெளி தெளிவில்லை, மாதிரி அளவுக்குக் காரணம் காட்டப்படவில்லை' என்றார்கள். 9ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடப்பகுதி காகிதத்தில் படித்தால் நன்றாகப் புரிகிறதா, டேப்லெட்டில் படித்தால் நன்றாகப் புரிகிறதா என்று பார்ப்பதுதான் என் விருப்பம். 60 பேரை எடுத்து, 30 பேருக்குக் காகிதம், 30 பேருக்குத் திரை என்று திட்டமிட்டிருக்கிறேன். எங்கே தவறு செய்கிறேன்? முன்மொழிவை எந்த வரிசையில் எழுத வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்துக்குள் நல்ல முன்மொழிவு ஒன்று இருக்கிறது. 14 பக்கங்களில்தான் அதைக் காணோம். 'காகிதத்தில் படித்தால் நன்றாகப் புரிகிறதா, டேப்லெட்டில் படித்தாலா?' என்பது கேள்வி. நீங்கள் தலைப்பாக வைத்திருப்பது ஒரு துறையின் பெயர். மதிப்பீட்டுக் குழு இரண்டு முறை சொன்னதும் ஒரே குறையைத்தான். கேள்வி இறுகவில்லை, அதனால் பரப்பு விரிந்தது. பரப்பு விரிந்ததால் இடைவெளியைச் சுட்ட முடியவில்லை. எதை அளக்கப் போகிறோம் என்பதே முடிவாகாதபோது 60 என்ற எண்ணுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

தலைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். 'மாணவர்கள்' என்றால் 3ஆம் வகுப்பா, முதுகலையா? 'மின்னணுச் சாதனங்கள்' என்றால் கைபேசி, டேப்லெட், மடிக்கணினி, மின்நூல் கருவி எல்லாமா? 'வாசிப்புப் பழக்கம்' என்பது ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம், எதைப் படிக்கிறார் என்பது. அதை நாட்குறிப்பு வைத்தோ வினாநிரல் கொடுத்தோ அளக்க வேண்டும். நீங்கள் அளக்க நினைப்பது புரிதலை. அதற்குத் தேர்வு வைக்க வேண்டும். தலைப்பு ஒன்றைச் சொல்ல, முறையியல் வேறொன்றைச் செய்கிறது. 'தாக்கம்' என்ற சொல்லும் சும்மா வருவதில்லை. அதை எழுதிவிட்டால் காரண காரியத்தை நிறுவும் பொறுப்பு உங்கள் தலையில் ஏறிவிடும். சோதனை முறை ஆய்வு செய்பவர் அதை ஏற்கலாம். வெறும் கருத்துக்கணிப்பு செய்பவர் 'தொடர்பு' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'டிஜிட்டல் யுகத்தில்', 'ஓர் ஆய்வு' இரண்டையும் யோசிக்காமல் வெட்டிவிடலாம்.

கேள்வியை இறுக்க ஐந்து இடங்களை நிரப்புங்கள்: யார், எதைச் செய்கிறார்கள், எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம், எந்தச் சூழலில். உங்களுக்கு இப்படி வரும்: '9ஆம் வகுப்பு மாணவர்கள், நேர வரம்புக்குள், ஏறத்தாழ 800 சொல் கொண்ட அறிவியல் விளக்கப் பகுதியை டேப்லெட்டில் படித்துப் பெறும் புரிதல் மதிப்பெண், அதே கடினத்தன்மையுள்ள பகுதியை அச்சில் படித்துப் பெறும் மதிப்பெண்ணிலிருந்து வேறுபடுகிறதா?' வாக்கியம் அழகாக இல்லைதான். ஆனால் இதில் ஒரு சொல்லை மாற்றினால் ஆய்வே மாறிவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேள்வி போதுமான அளவு இறுகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆய்வு முடிந்தபின் முடிவு அத்தியாயத்தில் வரப்போகும் முதல் அட்டவணையை இப்போதே வரையுங்கள், எண்கள் இல்லாமல். உங்களுக்கு இரண்டு வரிசை வரும்: அச்சு, டேப்லெட். மாணவர் எண்ணிக்கை, சராசரி மதிப்பெண், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) என்று மூன்று நெடுவரிசை. கீழே சராசரிகளின் வேறுபாடும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியும் (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வீச்சு). இந்தக் காலி அட்டவணையை வரைய முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் துறையாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

'இதுவரை யாரும் செய்யவில்லை'

இடைவெளி விஷயத்தில் பெரும்பாலோர் எழுதும் வரி இது: 'இத்தலைப்பில் இதுவரை ஆய்வுகள் எதுவும் மேற்கொள்ளப்படவில்லை.' மதிப்பீட்டாளர் கூகுள் ஸ்காலரில் ஒரு நிமிடம் தேடினால் போதும், முன்மொழிவு கவிழ்ந்துவிடும். அப்படியே யாரும் செய்யாமல் இருந்தாலும், அதற்கு அவசியம் இல்லாததால்கூட யாரும் செய்யாமல் விட்டிருக்கலாமே? யாரும் தொடவில்லை என்பது மட்டும் காரணம் ஆகாது. முன்னவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே முரண்பட்டார்கள், அந்த முரண்பாடு தீர்ந்தால் என்ன தெளிவாகும் என்று காட்டுவதுதான் இடைவெளி.

உங்கள் பொருளில் இதற்குக் கைவசம் நல்ல உதாரணம் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு (மெட்டா-அனாலிசிஸ்), 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,70,000-க்கும் மேற்பட்டோரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. மொத்தத்தில் அச்சுக்குச் சிறிய முன்னிலை. விளைவு அளவு (வேறுபாடு எவ்வளவு பெரிது என்று காட்டும் எண்) ஏறத்தாழ 0.21. விளக்கவுரைப் பகுதிகளில் அந்த முன்னிலை தெரிந்தது, கதைப் பகுதிகளில் மட்டும் தனியாகப் பார்த்தபோது தெரியவில்லை. நேர வரம்பு இருந்தபோது அச்சின் முன்னிலை கூடியது. இதற்கு முன் 2011இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனை வேறு மாதிரி சொன்னது: நேரம் நிர்ணயித்தபோது இரண்டு ஊடகமும் சமம், படிக்கும் நேரத்தை மாணவரே தீர்மானித்தபோதுதான் திரை பின்தங்கியது.

நேர வரம்பு திரைக்குப் பாதகமா இல்லையா? இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. உங்கள் இடைவெளி இந்த இடத்தில் இருக்கிறது. அதை இப்படி எழுதலாம்: 'நேர வரம்பின் பங்கு குறித்து முடிவுகள் முரண்படுகின்றன. பள்ளி மாணவர் நேர வரம்புக்குள் விளக்கவுரைப் பகுதியைப் படிக்கும்போது அச்சின் முன்னிலை தென்படுகிறதா என்பதை இந்த ஆய்வு சோதிக்கும்.' இரண்டே வாக்கியம். 'யாரும் செய்யவில்லை' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

இங்கே ஓர் ஆசை வரும். நேர வரம்புள்ளது, இல்லாதது இரண்டையும் சேர்த்து ஒரேயடியாக முரண்பாட்டைத் தீர்த்துவிடலாமே என்று. அந்த ஒரு சேர்க்கையால், அதே அளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். தனி ஆளாகச் செய்யும் முனைவர் பட்ட ஆய்வில் நேர வரம்புள்ள நிலையை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மற்றதை 'இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே' என்று ஒரு வரியில் குறித்துவிடுங்கள்.

முன்னாய்வுப் பகுதியை எழுதும்போது 'இவர் 2011இல் இப்படிச் சொன்னார், அவர் 2013இல் அப்படிச் சொன்னார்' என்று வரிசையாக அடுக்காதீர்கள். அது நூலகப் பட்டியல். முதலில் ஒரு விரிதாள் திறந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். யாரை வைத்து, எத்தனை பேர், எந்த வகை உரை, எந்தச் சாதனம், நேர வரம்பு உண்டா, என்ன கண்டார்கள், என்ன குறை என்று நெடுவரிசைகள். 25, 30 கட்டுரைகளை இப்படி நிரப்பினால் எழுத வேண்டிய பத்திகள் தாமாகப் பிரிந்துவிடும். உரை வகை பற்றி ஒரு பத்தி, நேரம் பற்றி ஒன்று, அளவீட்டு முறை பற்றி ஒன்று. ஒவ்வொரு பத்தியும் ஒரு கருத்தில் தொடங்கட்டும். ஆய்வாளர் பெயர் ஆதாரமாகப் பின்னால் வரட்டும். தேடிய சொற்கள், தேடிய தரவுத்தளம், தேதி மூன்றையும் குறித்து வையுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் மேற்கோள் பட்டியலில் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியாக முன்னோக்கியும் போங்கள். சொற்களைப் போட்டுத் தேடுவதைவிட இது பல நேரம் சீக்கிரம் பலன் தரும். மேற்கோள்களை ஜோட்டேரோ (Zotero) போன்ற மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுக்கும் மேற்கோளை மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்க எண்ணும் போட்டுக் கொடுக்கும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. அப்படி ஒன்று பிடிபட்டால் மீதி 29 மேற்கோளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

60 பேர் ஏன் போதாது

மதிப்பீட்டுக் குழு உங்களைச் சரியாகப் பிடித்த இடம் இது. நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு தனித்தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது, ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: 16ஐ விளைவு அளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மிகைகாண் நிலை (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 5%, வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறன் 80% என்ற வழக்கமான அளவுகளுக்கு இது பொருந்தும். விளைவு அளவு என்பது இரண்டு சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்த எண். அது 0.5 என்றால் 16 ÷ 0.25 = 64 பேர். ஆனால் முன்னாய்வுகள் உங்களுக்குச் சொல்வது 0.21. அதன் வர்க்கம் 0.0441. 16 ÷ 0.0441 என்றால் ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 363 பேர், மொத்தம் 726. நீங்கள் வைத்திருப்பது 60.

குழுவுக்கு 30 பேரை வைத்து இந்த ஆய்வைச் செய்தால், வேறுபாடு உண்மையில் இருந்தும் அது உங்கள் தரவில் தென்படும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். மூன்று ஆண்டு உழைத்த பிறகு 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதுவீர்கள். வேறுபாடு இல்லாததால் அப்படி வந்ததா, ஆட்கள் போதாததால் வந்ததா என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

அப்படியானால் 726 பேரைத் தேடிப் போக வேண்டுமா? வேண்டாம், வடிவமைப்பை மாற்றினால் போதும். ஒவ்வொரு மாணவரும் ஒரு பகுதியை அச்சிலும், இன்னொரு பகுதியை டேப்லெட்டிலும் படிக்கட்டும். நன்றாகப் படிக்கும் மாணவர் இரண்டிலும் நன்றாகவே எடுப்பார், திணறுபவர் இரண்டிலும் திணறுவார். ஆளுக்கு ஆள் உள்ள அந்தப் பெரிய வேறுபாடு கணக்கிலிருந்து கழிந்துவிடும். இந்த வடிவத்தில் தேவைப்படும் மொத்த மாணவர் எண்ணிக்கை: 16ஐ (1 – ஒட்டுறவுக் கெழு)ஆல் பெருக்கி, விளைவு அளவின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. ஒரே மாணவரின் இரண்டு மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவு (இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது) 0.6 என்று வைத்துக்கொண்டால் 16 × 0.4 ÷ 0.0441 = 145 பேர். ஒட்டுறவு 0.5 ஆகக் குறைந்தால் 181 பேர். 0.6 என்பது நம் அனுமானம்தான் என்பதால் முன்னோடி ஆய்வில் (முதன்மை ஆய்வுக்கு முன் சிலரிடம் நடத்தும் சிறு ஒத்திகையில்) கிடைக்கும் ஒட்டுறவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும் முன்மொழிவில் எழுதுங்கள். கைக்கணக்கை ஜி-பவர் போன்ற இலவச மென்பொருளில் சரிபார்த்து, உள்ளீடாகக் கொடுத்த எல்லா எண்களையும் எழுத வேண்டும். 'மென்பொருள் மூலம் கணக்கிடப்பட்டது' என்று மட்டும் எழுதினால் யாரும் அதை மறுபடி கணக்கிட்டுப் பார்க்க முடியாது.

முதலில் படித்த பகுதியின் களைப்பு இரண்டாவதில் வரும். ஒரு பகுதி மற்றதைவிடச் சற்று எளிதாகவும் இருக்கலாம். இதைச் சமன் செய்ய மாணவர்களை நான்கு குழுவாகச் சமவாய்ப்பு முறையில் பிரியுங்கள்: முதல் பகுதியை அச்சில் படித்துத் தொடங்குவோர், அதையே திரையில் படித்துத் தொடங்குவோர், இரண்டாம் பகுதியை அச்சில் தொடங்குவோர், அதைத் திரையில் தொடங்குவோர். ஒவ்வொருவருக்கும் அடுத்த சுற்றில் மற்றப் பகுதியும் மற்ற ஊடகமும். நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 145, 148 ஆகிறது. 10% பேர் நடுவில் விலகுவார்கள் என்று வைத்தால் 148ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும். 164.4 வரும். அதை நான்கின் மடங்காக உயர்த்தினால் 168, குழுவுக்கு 42. இந்த இடத்தில் பலர் 148ஐ 1.1ஆல் பெருக்கி 163 என்று எழுதிவிடுவார்கள். 163இல் 10% போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 147, ஓர் ஆள் குறைகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் புள்ளியியல் தெரிந்த மதிப்பீட்டாளரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

பிரிப்பது ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் நடக்க வேண்டும். 'அ பிரிவு முழுக்க அச்சு, ஆ பிரிவு முழுக்கத் திரை' என்று வைத்தால் ஆசிரியரின் வேறுபாடும் ஊடகத்தின் வேறுபாடும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

385 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல முன்மொழிவுகளில் மாதிரி அளவு என்றால் 384 அல்லது 385 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பார்கள். பெரிய மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டை 95% நம்பிக்கையுடன் 5 புள்ளி கூடுதல் குறைவுக்குள் மதிப்பிட வேண்டுமானால்தான் அந்த எண். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் உங்கள் ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கருவியும் சூழலும்

முறையியலில் மாதிரிக்கு அடுத்தபடியாக அடிபடுவது கருவி. 'ஆய்வாளர் தயாரித்த வினாத்தாள் பயன்படுத்தப்படும்' என்ற ஒற்றை வரி போதாது. இரண்டு பகுதிகளும் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன, சொல் எண்ணிக்கை என்ன, கடினத்தன்மை சமம் என்று எப்படி உறுதி செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 12 கேள்வி என்றால், உரையில் நேரடியாக இருப்பதைக் கேட்பவை 6, ஊகித்து அறிய வேண்டியவை 6. முதன்மை மாதிரியில் சேராத 30 மாணவர்களிடம் முன்னோடியாக நடத்துங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாக எழுதும் கேள்வி எதையும் பிரித்துக் காட்டாது. ஐந்தில் ஒருவர்கூட எழுதாத கேள்வியும் அப்படியே. அவற்றை நீக்கி வேறு வைக்க வேண்டும், எனவே முன்னோடிக்கு 12க்குப் பதில் 16 கேள்வியோடு போவது புத்திசாலித்தனம். மீதமுள்ளவற்றின் நம்பகக் கெழு (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போய் ஒரே திறனை அளக்கின்றனவா என்று காட்டும் எண்) 0.7க்குக் கீழே போனால் கருவியைத் திருத்துவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சோதனை முறை ஆய்வில் ஓட்டை விழுவது பெரும்பாலும் யாரும் கவனிக்காத சிறு இடத்தில்தான். இரண்டு ஊடகத்திலும் எழுத்தின் அளவு, வரி நீளம், படங்களின் நிறம் ஒன்றாக இருக்கிறதா? அச்சில் கறுப்பு வெள்ளைப் படம், திரையில் வண்ணப் படம் என்றால் நீங்கள் ஒப்பிடுவது வண்ணத்தை. படித்தது எதில் இருந்தாலும் விடை எழுதுவது எல்லோருக்கும் காகிதத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் திரையில் படித்த கஷ்டமா, திரையில் தட்டச்சு செய்த கஷ்டமா என்று தெரியாது. விடை எழுதும்போது உரையைத் திரும்பிப் பார்க்க அனுமதி உண்டா இல்லையா என்பதையும் முடிவு செய்து எழுதுங்கள். நேர வரம்பை எப்படி நிர்ணயித்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். முன்னோடியில் மாணவர்களை விருப்பம்போல் படிக்கவிட்டு, எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுமதிப்பைக் கண்டு, அதில் முக்கால் பங்கு என்று வைக்கலாம். பகுதியின் பொருளில் மாணவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று பார்க்க, படிப்பதற்கு முன் ஐந்து கேள்வி போதும்.

பகுப்பாய்வுத் திட்டத்தில் முதன்மை அளவீடு ஒன்றே ஒன்று இருக்கட்டும்: 12க்கு எத்தனை. ஊடகம், பகுதி, வரிசை மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் புள்ளியியல் மாதிரியுரு ஒன்றைக் குறிப்பிடுங்கள். ஒரு சுற்றுக்கு மட்டும் வந்தவரின் தரவை என்ன செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'எஸ்பிஎஸ்எஸ் மூலம் பகுப்பாய்வு செய்யப்படும்' என்று புள்ளியியல் மென்பொருளின் பெயரை எழுதுவது பகுப்பாய்வுத் திட்டம் ஆகாது. அது எந்தப் பேனாவில் எழுதப் போகிறேன் என்று சொல்வதைப் போன்றது.

நேர்காணல், கள உரையாடல் என்று பண்புசார் ஆய்வு செய்பவருக்கு இந்த மாதிரிக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே ஏன் இவர்களிடம் பேசுகிறேன், புதிய கருத்து வருவது நின்றுவிட்டது என்பதை எப்படி அறிவேன் என்ற இரண்டுக்கும் விடை வேண்டும்.

நோக்கங்கள் என்ற தலைப்பில் நீங்கள் எத்தனை எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. 'ஓர் ஆய்வு' வகை முன்மொழிவுகளில் எட்டு, ஒன்பது இருக்கும். மூன்றுக்கு மேல் வேண்டாம். 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்' ஆய்வு நோக்கம் இல்லை, பிரசார நோக்கம். ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே எந்தத் தரவு, எந்தக் கருவி, எந்தப் பகுப்பாய்வு என்று மூன்று கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த நோக்கத்தை நீக்கிவிடலாம். கருதுகோளை 'வேறுபாடு இருக்கும்' என்று இரு திசைக்கும் இடம் விட்டு எழுதுங்கள். 0.21 சிறிய முன்னிலைதான், உங்கள் மாணவர்களிடம் அது தலைகீழாகவும் வரலாம்.

உங்கள் மாணவர்கள் சிறுவர்கள் என்பதால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் மாணவரின் தனி இசைவும் இரண்டும் வேண்டும். ஒப்புதல் கேட்பவர் வகுப்பாசிரியராக இருக்கக்கூடாது. அவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல எந்த மாணவருக்குத் தைரியம் வரும்? பங்கேற்றாலும் மறுத்தாலும் பள்ளி மதிப்பெண் மாறாது என்று படிவத்தில் எளிய மொழியில் எழுதுங்கள். விடைத்தாளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் வைத்து, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் முன் முன்னோடி ஆய்வைக்கூடத் தொடங்காதீர்கள். எடுத்த தரவுக்கு முன்தேதியிட்டு அனுமதி கிடைக்காது, தரவு முழுவதும் வீணாகும்.

கால அட்டவணையை முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நெறிமுறை அனுமதிக்கு இரண்டு மாதம், கருவி தயாரிப்புக்கும் முன்னோடிக்கும் மூன்று மாதம். பள்ளித் தேர்வும் விடுமுறையும் வரும் மாதங்களில் தரவு சேகரிப்பு என்று எழுதியிருந்தால், இவர் பள்ளிக்குப் போயே பார்க்கவில்லை என்று குழுவுக்குத் தெரிந்துவிடும். செலவுக் கணக்கும் வடிவமைப்பிலிருந்தே வர வேண்டும். ஓர் அமர்வில் 40 பேர் உட்கார்ந்தால் எந்த நேரத்திலும் 20 பேர் கையில் டேப்லெட் இருக்கும். உபரிக்கு இரண்டு சேர்த்து 22. விடைத்தாள் 168 × 2 = 336. இப்படி எழுதினால் யாரும் 'ஏன் இத்தனை?' என்று கேட்கமாட்டார்கள்.

எழுதும் வரிசை

படிக்கும் வரிசையில் எழுதாதீர்கள். கேள்வி, காலி அட்டவணை, முறையியல், மாதிரி அளவு, காலமும் செலவும், முன்னாய்வு, அறிமுகம், சுருக்கம், கடைசியில் தலைப்பு. அறிமுகத்தில் தொடங்குபவர் மனித நாகரிகத்தில் வாசிப்பின் இடம் என்று ஆரம்பித்து நாலு பக்கம் கழித்துத்தான் மாணவரிடம் வந்து சேருவார். உங்கள் 14 பக்கத்திலும் அப்படி நாலு பக்கம் இருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள். முறையியல் முடிந்தபின் அறிமுகம் எழுதினால், முதல் பத்தியிலேயே 9ஆம் வகுப்பு மாணவரின் கையில் டேப்லெட் இருக்கும்.

நிறுவனம் சொல் வரம்பு கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். கொடுக்கவில்லை என்றால் 3,000 சொல்லை இப்படிப் பிரிக்கலாம்: அறிமுகமும் சிக்கலும் 450, முன்னாய்வு 800, கேள்வி, நோக்கம், கருதுகோள் 200, முறையியல் 1,100, நெறிமுறை 150, காலமும் செலவும் 150, பயன் 150. முறையியலுக்குத்தான் பெரிய பங்கு. பயன் பகுதியில் 'சமுதாயத்துக்கு உதவும்' என்று எழுதாமல், பாடநூலை அச்சில் தருவதா, டேப்லெட்டில் தருவதா என்று முடிவு எடுப்பவர் இந்த முடிவை எப்படிப் பயன்படுத்துவார் என்று சொல்லுங்கள். எல்லையையும் மறைக்காதீர்கள். 800 சொல் பகுதியில் கண்டதை முழுப் புத்தக வாசிப்புக்கு நீட்ட முடியாது என்று நீங்களே எழுதிவிட்டால் குழு அதை ஆயுதமாக எடுக்க முடியாது.

1970களில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்ப்பாவின் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹெய்ல்மெயர், முன்மொழிவோடு வருபவர்களிடம் கேட்கச் சில கேள்விகள் வைத்திருந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் துறைச் சொல் ஒன்றும் இல்லாமல் சொல்லுங்கள் என்பது முதலாவது. இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, உங்கள் அணுகுமுறையில் புதிது என்ன, யாருக்கு இதில் அக்கறை, என்ன ஆபத்து, எவ்வளவு செலவு, எவ்வளவு காலம், வெற்றியை எப்படிச் சோதிப்பீர்கள் என்று அவை தொடரும். எழுதி முடித்ததும் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத நண்பர் ஒருவரிடம் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, மூடி வைத்துவிட்டு என்ன ஆய்வு என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வாக்கியத்தில் அடிக்கோடு இட்டு வந்து திருத்துங்கள்.

மூன்றாம் முறை சமர்ப்பிக்கும்போது முன்மொழிவோடு ஒரு பக்க விளக்கத்தாளும் இணையுங்கள். மூன்று நெடுவரிசை போதும்: குழுவின் கருத்து, செய்த மாற்றம், பக்க எண். 'பரப்பு மிக அதிகம்' என்பதற்கு எதிரே, பழக்கம் நீக்கப்பட்டுப் புரிதல் மட்டும் அளக்கப்படுகிறது, ஒரே வகுப்பு, ஒரே சாதனம், ஒரே உரை வகை என்று எழுதுங்கள். 'மாதிரி அளவு' என்பதற்கு எதிரே 60 என்பது 168 ஆனது எப்படி என்ற கணக்கு. குழுவின் கருத்தில் எதையாவது நீங்கள் ஏற்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் காரணத்தோடு அதே தாளில் எழுதலாம். பழைய பிரதியைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் குழுவிடம் விடாதீர்கள். அதற்கு அவர்களுக்கு நேரம் இருக்காது.